பள்ளிகளை அளந்த நகரம்

வெளிமாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாற்றல் உத்தரவு என்பது புதிதன்று. உத்தரவு கைக்கு வந்ததும், குடியிருக்க வீடு எங்கே, புழுங்கலரிசி எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்கு முன்பே நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்த ஊரில் நல்ல பள்ளிக்கூடம் எது?" விடை பெரும்பாலும் ஓர் எண்ணாகவே வருகிறது. இந்தப் பள்ளியில் சென்ற ஆண்டு நூற்றுக்கு இத்தனை பேர் தேறினர். அந்தப் பள்ளியில் இத்தனை பேரே தேறினர். அவ்வெண்ணை நம்பிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் புதிய வாயிலில் போய் நிற்கிறோம்.

அந்த எண் உண்மையில் எதைச் சொல்லுகிறது? பள்ளியின் திறமையையா, அதனுள் நுழைந்த பிள்ளைகளின் நிலைமையையா? ஓர் ஊரின் பள்ளிகளை ஒரே தேர்வால் அளந்து, மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அச்சிடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்த நகரங்களுள் முதன்மையானது அமெரிக்காவின் பாஸ்டன். 1845ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்ததையும், அதன்பின் நூற்றெண்பது ஆண்டுகளில் அந்நகரம் கற்ற பாடத்தையும் அறிந்துகொண்டால் நம் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளை நடத்தும் பொறுப்பு நடுவண் அரசினுடையதன்று. நாடு முழுவதும் பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பள்ளிக் குழு வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிகளை நடத்துகிறது. பாஸ்டன் நகரம் இவ்வகையில் மூத்தது. அந்நாட்டின் மிகப் பழைய பொதுப்பள்ளியான பாஸ்டன் இலத்தீன் பள்ளி 1635ஆம் ஆண்டில் அங்குத்தான் தோன்றியது. முதற் பொது உயர்நிலைப் பள்ளி 1821ஆம் ஆண்டில் அங்குத்தான் திறக்கப்பட்டது. தங்கள் பள்ளிகளுக்கு நிகரானவை வேறெங்கும் இல்லை என்பது அந்நகரத்தார் பெருமை.

அப்பெருமைக்குச் சான்று யாது என்று வினவினால், ஆண்டுதோறும் நடைபெறும் பார்வையிடல் ஒன்றே சான்றாகக் காட்டப்பட்டது. குழுவினர் பள்ளிக்கு வருவர். பிள்ளைகள் புத்தாடையுடன் வரிசையில் நிற்பர். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு நன்கு பயின்ற சிலர் வாய்மொழியாக விடை கூறுவர். பெற்றோர் கைகொட்டி மகிழ்வர். குழுவினர் திருப்தி தெரிவித்து விடைபெறுவர். வாய் திறவாத பிள்ளை என்ன கற்றது என்பதை யாரும் அறியார். ஒரு பள்ளியை மற்றொரு பள்ளியோடு ஒப்பிடவும் வழி கிடையாது.

இந்நிலையில்தான் ஹோரேஸ் மான் என்பவர் அரங்கிற்கு வருகிறார். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக 1837ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற அவர், 1843ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று பிரஷ்ய நாட்டுப் பள்ளிகளைக் கண்டு வந்தார். அங்கே பிரம்பில்லாமலே பிள்ளைகள் கற்கிறார்கள் என்று அவர் தம் அறிக்கையில் எழுதியது, பிரம்பை நம்பியிருந்த பாஸ்டன் ஆசிரியர்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்களுள் முப்பத்தொருவர் 1844ஆம் ஆண்டில் ஒன்றுகூடி அவருக்கு எதிராக ஒரு நூலே வெளியிட்டனர். மானும் சளைக்காமல் பதில் எழுதினார். நகரமே இரு கட்சியாயிற்று.

மானின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹௌ. பார்வையற்றோர் பள்ளியை நடத்திப் புகழ்பெற்ற மருத்துவர் அவர். பள்ளிக் குழுவில் இடம்பெற்ற ஹௌவும் அவரைச் சார்ந்தோரும் 1845ஆம் ஆண்டுக் கோடையில், அதுவரை அந்நகரம் கண்டிராத ஒன்றைச் செய்தனர். வரலாறு, புவியியல், இலக்கணம், கணக்கு முதலிய பாடங்களில் கேள்விகளை அச்சிட்டு, அவற்றை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்றனர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கேள்விகள். அதே கால அளவு. விடைகளை எழுதியே தரவேண்டும். இன்றைய நடுநிலைப் பள்ளிகளை ஒத்தவை அப்பள்ளிகள். அவற்றிலிருந்தே பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லவேண்டும். அவற்றில் பயின்ற ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருள், மேல்வகுப்பைச் சேர்ந்த 530 பேர் தேர்வெழுதினர்.

முடிவு நகரத்தைத் திடுக்கிட வைத்தது. வரவேண்டியிருந்த 57,873 விடைகளில் சரியாக வந்தவை 17,216 மட்டுமே; நூற்றுக்கு முப்பது என்று கொள்ளலாம். நிறுத்தக்குறிப் பிழைகள் மட்டும் 35,947! ஜெபர்சன் காலத்தில் கப்பல் வாணிகத்துக்குத் தடை விதிக்கப்பட்ட ஆண்டு எது என்று பலர் எழுதியிருந்தனர். அந்தத் தடை என்பது என்ன என்று எழுதத் தெரியாமல் விழித்தனர். ஆண்டை மனப்பாடம் செய்தவர்களுக்குப் பொருள் கற்பிக்கப்படவில்லை. தேர்வாளர்கள் இவை யாவற்றையும் பள்ளிவாரியாக அட்டவணையிட்டு அச்சிட்டனர். எந்தப் பள்ளி முதலில், எந்தப் பள்ளி கடைசியில் என்பதை எவரும் ஒரு பார்வையில் காணலாம். தலைமையாசிரியர் சிலர் பதவி இழந்தனர்.

ஆசிரியர்கள் அடங்கிவிடவில்லை. தங்களைத் தாக்கியவரின் நண்பர்களே தங்களை அளக்க வந்தால் அளவுகோல் நேராக இருக்குமா என்று கேட்டனர். கேள்விகள் சில பள்ளிகளில் முன்கூட்டியே கசிந்துவிட்டன என்ற புகாரும் எழுந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டு வழக்கு. ஆனால் மேலாகக் கிடக்கும் பருக்கையை மட்டும் எடுத்து அடிச்சோற்றின் பதத்தை எப்படி அறிவது? மேல்வகுப்பை மட்டும் சோதித்த அத்தேர்வில், கீழ்வகுப்புகளில் இருந்த ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரைப் பற்றிச் செய்தி எதுவும் இல்லை.

இக்குறைகள் இருப்பினும், வாய்மொழிக் காட்சியைவிட எழுத்துத் தேர்வு நேர்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வி என்ற கொள்கையில் ஒரு சமநீதி இருக்கிறது. ஆதலின் அம்முறை நிலைத்தது. பிற நகரங்களுக்கும் பரவியது.

நிற்க. அந்த அட்டவணையின் அடியில் ஒரு பள்ளியின் பெயர் இருந்தது. அதன் பெயர் ஸ்மித் பள்ளி. பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியே நடத்தப்பட்ட பள்ளி அது. மற்றப் பள்ளிகளின் மதிப்பெண்ணே குறைவு என்னும்போது இதன் நிலைமை மிகவும் பரிதாபமாக இருந்தது.

இந்த ஒரு வரியை எப்படிப் படிப்பது? மேலோட்டமாகப் பார்ப்பவர், இந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் அறிவு என்று சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆயின் அந்த வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1829ஆம் ஆண்டில், கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியில் வில்லியம் கூப்பர் நெல் என்ற சிறுவன் பயின்றான். பெஞ்சமின் பிராங்கிளின் தம் உயிலில் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு, பாஸ்டன் பள்ளிகளின் சிறந்த மாணவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் வழங்குவது வழக்கம். நெல் அப்பதக்கத்துக்குத் தகுதி பெற்றான். ஆனால் பதக்கம் வெள்ளைச் சிறுவர்களுக்கே சென்றது. நெல்லுக்குக் கிடைத்தது பிராங்கிளினின் வாழ்க்கை வரலாற்று நூல். பதக்கம் பெற்றவர்களுக்கு ஃபேனியுல் மண்டபத்தில் நகரத்தார் விருந்தளித்தனர். அழைப்பு இல்லாத நெல், பரிமாறும் ஆள் ஒருவரிடம் கேட்டு, அவருக்கு உதவியாளாக உள்ளே நுழைந்து, தன்னையொத்த சிறுவர்கள் அமர்ந்திருந்த பந்தியில் பரிமாறினான். அன்றே இந்த வேற்றுமையை ஒழிக்க உறுதிபூண்டதாகப் பின்னாளில் அவர் கூறினார்.

1844ஆம் ஆண்டில், அதாவது தேர்வுக்கு ஓராண்டு முன்பு, ஸ்மித் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் நகரக் குழுவிடம் முறையிட்டனர். தலைமையாசிரியர் கொடிய தண்டனை தருகிறார். தம்மிடம் பயிலும் பிள்ளைகளின் அறிவையே இழிவாக மதிக்கிறார் என்பது அவர்கள் குறை. குழு விசாரித்து, ஆசிரியரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. மனம் வெதும்பிய பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டனர். மறு ஆண்டு தேர்வு வந்தது. பள்ளி கடைசியில் நின்றது. பிள்ளைகளால் கற்க இயலும் என்ற நம்பிக்கை ஆசிரியருக்கே இல்லாததைத் தேர்வாளர்களும் குறையாகக் கண்டனர். பெற்றோர் வாய்விட்டுச் சொன்னபோது ஏறாத உண்மை, எண்ணாக அச்சேறியபோது மறைக்க முடியாததாயிற்று. மதிப்பெண் அட்டவணையால் விளைந்த பெரிய நன்மை இதுவே எனலாம்.

ஆனால் நோயைக் காட்டிய அட்டவணை மருந்தைக் காட்டவில்லை. அதற்கு வேறொரு போராட்டம் வேண்டியிருந்தது. பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்ற அச்சுத் தொழிலாளருக்கு சாரா என்றொரு பெண் குழந்தை. வெள்ளைப் பிள்ளைகளின் ஐந்து பள்ளிகளைக் கடந்து நடந்துதான் அச்சிறுமி தனக்கு ஒதுக்கப்பட்ட பள்ளியை அடையவேண்டும். தந்தை வழக்குத் தொடுத்தார். கறுப்பின வழக்கறிஞர்களுள் முன்னோடியான ராபர்ட் மாரிசும், பின்னாளில் புகழ்பெற்ற சார்லஸ் சம்னரும் வாதாடினர். பிரித்து வைப்பதே ஒரு இழிவு. அதனோடு சமத்துவம் சேர்ந்து வாழாது என்பது சம்னரின் வாதம். 1850ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி லெமுவல் ஷா அவ்வாதத்தை ஏற்காமல் பள்ளிக் குழுவின் பக்கமே தீர்ப்பளித்தார். ஆயினும் நெல்லும் அவர் தோழர்களும் மனுக்கள் எழுதியும் கூட்டங்கள் நடத்தியும் ஓயாது முயன்றனர். 1855ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம், நிறத்தைக் காரணம் காட்டி எந்தப் பொதுப்பள்ளியிலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. ஸ்மித் பள்ளி மூடப்பட்டது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் நீதிபதி ஷாவின் தீர்ப்பு, 1896ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இனப் பிரிவினையை ஏற்றுக்கொண்டபோது முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டது. 1954ஆம் ஆண்டில்தான் அந்நீதிமன்றம், பிரித்து வைக்கும் பள்ளிகள் சமமாக இருக்க முடியாது என்று தீர்த்தது. அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து, 1974ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நடுவண் நீதிபதி ஆர்தர் கேரிட்டி, பாஸ்டன் பள்ளிக் குழு தன் பள்ளிகளை வேண்டுமென்றே இனவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று கண்டு, பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றி ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிப் பள்ளிக்கு அனுப்புமாறு ஆணையிட்டார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் தெற்கு பாஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்ற கறுப்பின மாணவர்களின் பேருந்துகள்மீது கற்கள் வீசப்பட்டன. ஒரே பள்ளி மாவட்டம். ஒரே பள்ளிக் குழு. எனினும் உயர்நிலைப் பள்ளிகளின் ஏற்றத்தாழ்வு நூற்றுமுப்பது ஆண்டுகளில் நீங்கவில்லை.

இடையில் அறிஞர்களும் வாளாவிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கட்டளைப்படி, சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் கோல்மன் நாடு முழுவதும் இலட்சக்கணக்கான மாணவர்களை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். மதிப்பெண் வேற்றுமைக்குப் பள்ளிக் கட்டடமும் செலவும் மட்டுமே காரணம் என்று பலரும் எண்ணியிருந்தனர். அறிக்கையோ, பிள்ளையின் குடும்பச் சூழ்நிலைக்கு அவற்றினும் பெரும் பங்கு உண்டு என்றது. அதனினும் வியப்பான செய்தி மற்றொன்று: பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள வேற்றுமையைவிட, ஒரே பள்ளிக்குள் மாணவருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள வேற்றுமையே அதிகம். அங்ஙனமாயின், பள்ளியின் சராசரி மதிப்பெண்ணை மட்டும் கண்டு அதனுள் பயிலும் ஒரு பிள்ளையைப் பற்றி நாம் எவ்வளவுதான் அறியமுடியும்?

உழவர் வழக்கில் இதை எளிதாக விளக்கலாம். அறுவடைக் களத்தில் எல்லா வயலின் நெல்லையும் ஒரே மரக்காலால் அளக்கிறோம். அளவு நேர்மையானதே. ஆனால் ஒரு வயல் வாய்க்காலின் தலைமடையில் இருக்கிறது. மற்றொன்று கடைமடையில் இருக்கிறது. தலைமடை வயல் இருபது கலம் கண்டது, கடைமடை வயல் பன்னிரண்டு கலம் கண்டது என்று மரக்கால் சொல்லும். எந்த உழவன் அதிகம் உழைத்தான் என்று அது சொல்லாது. கடைமடை உழவனைச் சோம்பேறி என்று ஏசினால் குற்றம் மரக்காலுடையதன்று. அளந்ததை விளங்கிக்கொள்ளாத நம்முடையது. அதேபோல், மரக்காலைத் தூக்கி எறிந்துவிட்டால், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற முறையீட்டுக்குச் சான்றே இல்லாமல் போய்விடும்.

பிற்கால அமெரிக்கர் இந்த இரண்டையும் இணைக்க முயன்றனர். மாசசூசெட்ஸ் மாநிலம் 1993ஆம் ஆண்டில் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இயற்றி, ஏழை மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதியும், எல்லா மாணவருக்கும் பொதுவான தேர்வும் ஏற்படுத்தியது. அத்தேர்வு 1998ஆம் ஆண்டில் தொடங்கியது. 2003ஆம் ஆண்டு முதல், அதில் தேறினாலன்றி உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் இல்லை என்றாயிற்று. 2002ஆம் ஆண்டு சனவரியில் கையொப்பமான நடுவண் சட்டமொன்று, ஒவ்வொரு பள்ளியின் முடிவுகளையும் மொத்தமாக மட்டுமின்றி, இனவாரியாகவும், ஏழைப் பிள்ளைகள், உடற்குறை உள்ள பிள்ளைகள், வீட்டில் வேற்றுமொழி பேசி ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள் என்று பகுத்தும் வெளியிடவேண்டும் என்று விதித்தது. நல்ல சராசரியின் பின்னால் நலிந்த பிள்ளைகள் மறைக்கப்படுவதை அது தடுத்தது. ஆனால் குறித்த இலக்கை எட்டாத பள்ளிகளுக்குத் தண்டனை என்ற பகுதி, தேர்வுக்கு வராத பாடங்களை ஒதுக்கி, தேர்வுக்கே பயிற்றும் போக்கை வளர்த்தது என்ற கண்டனம் எழுந்தது. 2015ஆம் ஆண்டில் வேறு சட்டம் வந்து அதன் கடுமையைக் குறைத்தது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் மக்கள் வாக்களித்து, தேர்வில் தேறினால்தான் பட்டயம் என்ற விதியை நீக்கினர். தேர்வை அவர்கள் நீக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அளக்கலாம், அந்த அளவையே பிள்ளையின் வாயிற்கதவுக்குப் பூட்டாக்கவேண்டாம் என்பது அவர்கள் முடிவு.

பாஸ்டன் நகரில் இன்றும் மூன்று உயர்நிலைப் பள்ளிகள் தகுதி பார்த்தே மாணவரைச் சேர்க்கின்றன. பழைய இலத்தீன் பள்ளி அவற்றுள் ஒன்று. தேர்ந்தெடுத்த மாணவரைக் கொண்ட பள்ளி, வந்தவரையெல்லாம் ஏற்கும் பள்ளியைவிட அதிக மதிப்பெண் காட்டுவதில் வியப்பென்ன? இதை உணர்ந்தே 2021ஆம் ஆண்டில் பள்ளிக் குழு, மாணவர் குடியிருக்கும் பகுதியின் பொருளாதார நிலையையும் கணக்கிற்கொள்ளும் சேர்க்கை முறையை ஏற்றது. மாநில அறிக்கைகளும் இப்போது இறுதி மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. முன்பு ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளுள் இந்தப் பள்ளிப் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்ற வளர்ச்சிக் கணக்கையும் உடன் தருகின்றன. கடைமடை வயலுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கும் முயற்சி அது.

இனி, நம் வீட்டு வாயிலுக்குத் திரும்புவோம். தேர்ச்சி விகிதம் கேட்பது தவறன்று. அதனுடன் வேறு மூன்று கேள்விகளையும் நாம் கேட்கலாம். முதலாவது: ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர் எத்தனை பேர், அவர்களுள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத அனுப்பப்பட்டவர் எத்தனை பேர்? மெலிந்த பிள்ளைகளை வழியிலேயே இறக்கிவிட்டு நூற்றுக்கு நூறு காட்டுவது கடினமன்று. இரண்டாவது: பள்ளியில் சேரும்போது பிள்ளைகள் எந்நிலையில் இருந்தனர், வெளியேறும்போது எந்நிலையில் இருந்தனர்? மூன்றாவது: வகுப்பின் கடைசிப் பிள்ளைக்கு அப்பள்ளி என்ன செய்கிறது?

இம்மூன்றாவது கேள்வி நமக்கு மிகவும் நெருக்கமானது. வீட்டில் தமிழும் வகுப்பில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ ஆங்கிலமோ கேட்டு வளரும் நம் பிள்ளைகள், புதிய ஊரில் முதலாண்டில் கடைசி வரிசையில் அமர நேர்வது உண்டு. அந்த ஆண்டின் மதிப்பெண் பிள்ளையின் அறிவைக் காட்டுவதைவிட, அது கடந்து வந்த தொலைவையே அதிகம் காட்டுகிறது. அதை அறிந்த ஆசிரியர் இருக்கும் பள்ளியே நமக்கு நல்ல பள்ளி. அதை அறியாத பள்ளி அட்டவணையில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் நம் பிள்ளைக்கு உதவாது.

1829ஆம் ஆண்டின் விருந்தில் பந்தி பரிமாறிய சிறுவன் நெல், தன் பள்ளியின் மிகச் சிறந்த மாணவர்களுள் ஒருவன். 1845ஆம் ஆண்டின் அட்டவணையில் அவன் பயின்ற இனத்துப் பள்ளி கடைசியில் நின்றது. இவ்விரண்டும் ஒரே நகரத்தின் உண்மைகள். இவற்றை ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டு மதிப்பெண் பட்டியலைப் படித்தால் நாம் ஏமாறமாட்டோம். எந்தப் பிள்ளைக்கும் அநீதி இழைக்கவும் மாட்டோம்.